எழுபது வயதில் அதே தெம்மாங்கு: பாட்டு யாருடையது, பாடியது யாருடையது?

சித்திரை பிறந்து மதுரைப் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கினால், யாராவது ஒரு வயதான பாடகர் பழைய தெம்மாங்கு ஒன்றை மறுபடி பாடியிருப்பார், அது கைபேசி கைபேசியாகச் சுற்றும். முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் கேசட்டில் கேட்ட அதே பாட்டு, அதே ஆள். கேட்பவர்களுக்கு உடனே இரண்டு சந்தேகம் வரும். "இது சினிமாப் பாட்டாச்சே, இவங்க எதுக்குப் பாடுறாங்க?" என்பது ஒன்று. "வரியெல்லாம் மாறிக் கிடக்கே, மறந்துட்டாங்களோ?" என்பது இன்னொன்று. மூன்றாவது சந்தேகம் பாடியவரின் பேரனுக்கு வரும்: "எங்க அப்பத்தா பாடினதுக்கு எங்களுக்கே காப்பிரைட் நோட்டீஸ் வருதே, அது எப்படி?"

மூன்றும் ஒரே குழப்பத்தின் கிளைகள்தான். நாட்டுப்புறப் பாட்டில் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, பாடியது பாடியவருக்குச் சொந்தம். நாம் இதை அப்படியே தலைகீழாகப் பிடித்து வைத்திருக்கிறோம்: பாட்டைச் சினிமாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பாடியவரை வெறும் தொண்டையாகப் பார்க்கிறோம். எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

அசல் என்று ஒன்று உண்டா?

சினிமாப் பாட்டுக்கு அசல் உண்டு. ஒருவர் எழுதி, ஒருவர் மெட்டுப் போட்டு, ஒரு குறிப்பிட்ட நாளில் ஸ்டுடியோவில் ஒருவர் பாடிய பதிவு அது. அப்புறம் மேடையில் யார் பாடினாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் கேட்போம். நடவுப் பாட்டுக்கும் ஏற்றப் பாட்டுக்கும் அப்படி ஒரு நாளே கிடையாது. வயலில் தினமும் பாடினார்கள், தினமும் கொஞ்சம் மாறியது. ஒரு தெம்மாங்கைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும்.

1. மெட்டு. பெரும்பாலும் நாலைந்து சுரங்களுக்குள் சுற்றி வரும் சின்ன மெட்டு. ஒரே மெட்டில் பல பாட்டுகள் பாடலாம், பாடுகிறார்கள். "இந்த மெட்டு அந்தப் பாட்டுடையது" என்று சொல்வதே அதனால் பல நேரம் பொருந்தாது.

2. தாங்கு சொற்கள். தன்னானே, தில்லாலே, ஏலேலோ. அர்த்தமில்லாத நிரப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பின்பாட்டுக்காரர்கள் "தன்னானே" என்று இழுத்துப் பாடும் அந்த நேரத்தில்தான் முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்குகிறார், அடுத்த கண்ணியை (பாட்டின் அடுத்த அடிகளை) யோசிக்கிறார். பாட்டின் இன்ஜினே அதுதான்.

3. மாறும் இடங்கள். ஊர், பூ, சேலை, வண்டி, மாமன் வரும் பாதை. உசிலம்பட்டியில் பாடினால் உசிலம்பட்டி, மேலூரில் பாடினால் மேலூர். பாட்டி காலத்தில் வில்வண்டியில் வந்த மாமன் மகள் காலத்தில் பஸ்ஸிலும் பேத்தி காலத்தில் பைக்கிலும் வருவான். கண்ணி அதேதான்.

எனவே எழுபது வயதில் வரிகள் மாறியிருப்பதை மறதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1930களில் யூகோஸ்லாவியாவில் எழுதப் படிக்கத் தெரியாத கதைப்பாடகர்களைப் பதிவு செய்த மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். "சொல்லுக்குச் சொல் அப்படியேதான் பாடுகிறேன்" என்று பாடகர் அடித்துச் சொல்வார், பதிவுகளை ஒப்பிட்டால் வேறு வேறாக இருக்கும். பாடகர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் பாட்டு என்பது மெட்டும் கதைப்போக்கும் கட்டுமானமும். சொற்கள் பாடும்போது அதில் வந்து உட்காருபவை. இந்தப் பார்வையை ஈழத்து ஆய்வாளர் க. கைலாசபதி 1968-ல் சங்கப் பாடல்கள் வரைக்கும் கொண்டுபோனார்.

"புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்பவர்களுக்கும் இதே பதில். தென்னிந்திய நாட்டுப் பாடல்களைச் சார்லஸ் கோவர் 1871-லேயே ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டி வைத்திருந்த பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-ல் தஞ்சை சரசுவதி மகால் 'மலையருவி' என்று வெளியிட்டது. 1964-ல் நா. வானமாமலையின் பெரிய தொகுப்பு வந்தது. எல்லாமே அருமையான வேலை. ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது, அன்றைக்கு அந்த ஊரில் அந்த ஆள் பாடியது, அவ்வளவுதான்.

கொஞ்சம் விதிவிலக்கானது அழகர் வர்ணிப்பு. கள்ளழகர் மலையிலிருந்து புறப்பட்டு வைகையில் இறங்குவதை நீளமாக வர்ணித்துப் பாடும் இந்தப் பாட்டுகள் சின்னச் சின்ன அச்சுப் புத்தகங்களாகவும் புழங்கியதால், சொற்கள் ஓரளவு கெட்டிப்பட்டவை. அழகர் கோயிலை ஆராய்ந்த தொ. பரமசிவன் இவற்றையும் சேர்த்தே கவனித்தார். வர்ணிப்பில் ஒரு வரி விட்டுப்போனால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். தெம்மாங்கில் யாரும் அப்படி எடுத்துக் கொடுப்பதில்லை, தேவையும் இல்லை.

"அந்தக் காலத்துக் குரல்" எது?

பரவை முனியம்மா என்றதும் பெரும்பாலானவர்களுக்கு 2003-ல் வந்த 'தூள்' படம்தான் ஞாபகம் வரும். அப்போது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது. மதுரைக்கு வடமேற்கே, இன்று காய்கறிச் சந்தையால் தெரியவரும் அந்தப் பரவையிலிருந்து அதற்கு முன்பே பல வருடங்களாக ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தவர். 2020 மார்ச்சில் காலமானார். சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி 'ஆண்பாவம்' படத்தில் வந்தது 1985-ல். அவரும் அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்கப்புறமும் நாற்பது வருடம் வாழ்ந்து, 2025-ல் 99 வயதில் மறைந்தார்.

அதாவது, நாம் "அசல்" என்று நினைத்துக்கொண்டிருப்பதே இவர்கள் பிற்காலத்தில் மறுபடி பாடியதைத்தான். இருபத்தைந்து வயதில் வரப்பில் நின்று பாடியபோது எதிரே மைக் இருந்ததில்லை. மதுரை வானொலி நிலையமே 1987-ல்தான் வந்தது. அதுவரை இந்தப் பக்கத்துக்குத் திருச்சியும் நெல்லையும்தான். கேசட் மலிந்ததும் எண்பதுகளில்தான். நம்மிடம் பதிவாக இருக்கும் நாட்டுப்புறப் பாட்டில் கணிசமான பகுதி நடு வயதைத் தாண்டிய குரல். அந்தக் கரகரப்பையே "மண்வாசனை" என்று நாம் ரசிக்கப் பழகிவிட்டோம். இப்போதெல்லாம் இளம் பாடகர்கள் வேண்டுமென்றே தொண்டையைக் கட்டிக்கொண்டு பாடுவதைக் கேட்கும்போது, பாவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வயதானால் குரலில் என்ன நடக்கிறது?

1. சுருதி நகரும். வயதாக ஆகப் பெண்ணின் குரல் இறங்கும், ஆணின் குரல் லேசாக ஏறும். மாதவிடாய் நின்றபின் வரும் ஹார்மோன் மாற்றத்தால் பெண்களுக்குக் குரல்நாண் தடிக்கும். ஆண்களுக்கு அது மெலியும். ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடிய ஒரு அம்மா எழுபதில் மூன்றரைக் கட்டைக்கு வந்து நிற்பது சாதாரணம். இதைத் தோல்வியாகப் பார்ப்பது தவறு. அந்தக் குரலுக்கு இப்போது அதுதான் வீடு.

2. மூச்சு குறையும். முப்பது வயதைத் தாண்டியபின் ஒரே மூச்சில் வெளிவிடக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் வீதம் குறைகிறது. நாற்பது வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். ஒரே மூச்சில் பாடிய கண்ணியை இப்போது இரண்டாக வெட்ட வேண்டும். அனுபவசாலிகள் வெட்டும் இடத்தில் ஒரு "ஏ... ஆத்தா" போட்டு, அதையே அழகாக்கிவிடுவார்கள்.

3. பல். இதை யாரும் பேசுவதில்லை. முன்பல் போனால் ச, த, ல எல்லாம் நழுவும். வெற்றிலை போட்டே பழகிய வாய்க்கு இன்னும் சிக்கல். "சொல் புரியவில்லை" என்ற குறைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

4. வாத்தியம். குரல் இறங்கினால் வாத்தியமும் கூடவே இறங்க வேண்டும். ஆர்மோனியம் என்றால் கட்டையை மாற்றிப் பிடித்தால் போதும். நையாண்டி மேளத்து நாதஸ்வரம் அப்படியல்ல. குழலின் நீளமே சுருதியைத் தீர்மானிக்கிறது. இவருக்காக வேறு நாயனம் கொண்டுவர வேண்டும், அல்லது பழைய சுருதியிலேயே அவரைக் கத்த வைக்க வேண்டும். திருவிழா மேடைகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்புறம் "குரல் போயிடுச்சு" என்று பேச்சு.

இளம் வயதில் வேகமாகப் பாடித் தள்ளிய ஒப்பாரியை எழுபதில், தன் வீட்டுச் சாவுகளையெல்லாம் பார்த்துவிட்டு ஒருவர் நிதானமாகப் பாடும்போது, மூச்சுக் குறைவால் விழும் இடைவெளிகளே வேறொன்றாகக் கேட்கின்றன. அளந்து காட்ட முடியாது, கேட்டால் தெரியும்.

நடுவில் சினிமா வந்தது

1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா நாட்டுப்புற மெட்டின் சாயலை முழு இசைக்குழுவோடு திரைக்குக் கொண்டுவந்தார். அது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அலைக்குப் பிறகு திசை குழம்பியது. ஊர்ப் பாட்டு படத்துக்குப் போகும், படப் பாட்டு ஊருக்குத் திரும்பும், கரகாட்ட மேடையில் இரண்டும் கலக்கும். பதிவாக முதலில் கிடைப்பது படம் என்பதால், அதுவே அசல் என்று அடுத்த தலைமுறை நினைத்துக்கொள்ளும். கடைசியில் ஊர்ப் பாட்டைப் பாடும் ஊர்க்காரரைப் பார்த்து "காப்பி அடிக்கிறீர்களா?" என்று கேட்கிறோம்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தின் மார்ட்டின் கார்த்தி 1965-ல் தன் முதல் இசைத்தட்டில் 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற மரபுப் பாட்டைத் தன் கிட்டார் வாசிப்போடு பாடினார். அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட பால் சைமன், சைமன்-கார்ஃபங்கல் இரட்டையராக 1966-ல் அதை வெளியிட்டார். உலகம் முழுக்கப் பரவியது. தட்டில் மரபுப் பாட்டு என்ற குறிப்பும் இல்லை, கார்த்தியின் பெயரும் இல்லை. பல வருடம் கசப்பு. 2000-ல்தான் லண்டன் மேடையில் இருவரும் சேர்ந்து அதே பாட்டைப் பாடிச் சமாதானமானார்கள். 2025-ல், 84 வயதில், கார்த்தி அதை மறுபடி பாடி வெளியிட்டார், இந்தத் தடவை சித்தாரோடு. பாட்டு இருவருடையதும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். அந்தக் கிட்டார் வாசிப்பு யாருடையது என்பதுதான் சண்டையே.

சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு என்பது நான்கு

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஒரு பாட்டை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை.

1. சொல்லும் மெட்டும். எழுதியவர் வாழ்நாளும், இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். ஆசிரியரே தெரியாத, தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டு பொதுச்சொத்து. இங்கே ஒரு எச்சரிக்கை: "நாட்டுப்புறப் பாட்டு" என்று நாம் நினைக்கும் பலவற்றுக்கு ஆசிரியர் உண்டு. மதுரை நாடக மேடைக்கு எழுதப்பட்ட எத்தனையோ பாட்டுகள் ஊருக்குள் போய்ப் பெயரை இழந்துவிட்டன. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியவை இசைத்தட்டுகளாக வந்து மூலை முடுக்கெல்லாம் பாடப்பட்டன. அவர் 1952-ல் காலமானதால் 2012 முடிவோடு அந்த உரிமை முடிந்தது. நேற்று ஒருவர் எழுதிய தெம்மாங்கு அப்படி அல்ல, அதற்கு அவரிடம் கேட்டாக வேண்டும்.

2. இசைக்கோர்ப்பு. பொதுச்சொத்தான பாட்டுக்குப் புதிதாக ஒரு முன்னிசை, இடையிசை போட்டால், போட்டவருக்கு அந்தப் பகுதி மட்டும் சொந்தம். அதை வைத்து மூலப் பாட்டுக்கு வேலி போட முடியாது.

3. ஒலிப்பதிவு. கேசட், குறுந்தகடு, படப் பதிவு. வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள், தயாரித்தவருக்கு. 1985-ல் வெளியான கேசட் என்றால் 2045 முடிய. அந்தக் குறிப்பிட்ட பதிவுக்குத்தான் இந்த உரிமை. அதே பாடகர் அதே பொதுப் பாட்டை இன்று புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் இதில் கை வைத்ததாக ஆகாது.

4. நிகழ்த்துநர் உரிமை. பாடியதற்காகப் பாடியவருக்கு. 1994 திருத்தத்தில் வந்தது, 1999-ல் இதன் காலம் 25 ஆண்டிலிருந்து 50 ஆண்டாக உயர்ந்தது. நிகழ்த்துநர் யார் என்று சட்டம் தரும் பட்டியலில் பாடகர், ஆடுபவரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட இருக்கிறார்கள். ஆகவே தெம்மாங்கு அம்மாவுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2012 திருத்தம் இதை இன்னும் பலப்படுத்தியது: பாடியது வணிகமாகப் பயன்பட்டால் ராயல்டி கேட்கலாம், பாடியவர் என்று தன் பெயரைச் சொல்லச் சொல்லலாம், மானம் போகும்படி வெட்டி ஒட்டினால் தடுக்கலாம். 2018-ல் இந்தியா சேர்ந்த சர்வதேச ஒப்பந்தம் ஒன்று, நாட்டார் மரபை நிகழ்த்துபவர்களையும் நிகழ்த்துநர் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

முதல் உரிமை இல்லாததால் நான்காவதும் இல்லை என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் அடிப்படைத் தவறு. "பொதுப் பாட்டுதானே, இதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்பவர்கள் பாட்டையும் பாடியதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கிணறு பொதுக்கிணறுதான், ஆனால் இறைத்தவருக்குக் கூலி உண்டு.

அப்படியானால் நோட்டீஸ் ஏன் வருகிறது?

கேசட் காலத்தில் பல பாடகர்கள் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பாடிக் கொடுத்தார்கள். தாள் இருந்தால் அது ஒரு ரசீது, கைநாட்டு. அந்தப் பதிவுகள் கை மாறிக் கை மாறி இன்று இணையத்தில் ஏறியிருக்கின்றன. ஏற்றியவர்கள் அவற்றை யூடியூபின் தானியங்கி அடையாளக் கருவியில் தங்கள் பெயரில் கொடுத்து வைத்திருப்பார்கள். அந்தக் கருவி ஒலியைத்தான் ஒப்பிடுகிறது, சில நேரம் மெட்டையும் ஒப்பிடுகிறது. அதே ஆள், அதே மெட்டு, கிட்டத்தட்ட அதே சொல். பொருந்துகிறது என்று கொடி காட்டிவிடும். மேலே சொன்ன நான்கு அடுக்கும் அதற்குத் தெரியாது.

இது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, மறுக்கலாம். மறுக்கும்போது "எங்க அப்பத்தாதான் ஒரிஜினல்" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: பாட்டு ஆசிரியர் தெரியாத மரபுப் பாட்டு, இது இந்தத் தேதியில், இந்த இடத்தில் புதிதாக எடுத்த பதிவு, பழைய பதிவிலிருந்து ஒரு துண்டுகூட இதில் இல்லை. முதலாவதற்கு 1958, 1964 தொகுப்புகள் போன்ற பழைய அச்சுச் சான்று கிடைத்தால் கை கொடுக்கும்.

படப் பாடலின் இடையிசையையும் சேர்த்துப் பாடியிருந்தால் கதை வேறு. நம் மேடைகளில் இது சகஜம்: ஊர்ப் பாட்டைத் தொடங்கி, கைதட்டலுக்காகப் படத்தில் வரும் பிட்டை நடுவில் சொருகுவது. அந்தப் பிட் இன்னொருவர் சொத்து. மறுபதிவில் அதை எடுத்துவிட்டு, வயலில் பாடிய மாதிரி "தன்னானே" மட்டும் போட்டால் சட்டத்துக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

பதிவு செய்யப் போகிறவர்களுக்கு

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய்க் கேட்டுச் சேகரித்து, அதையே மேடையிலும் பாடிய தலைமுறை வேறு. விஜயலட்சுமிக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கைபேசி வைத்திருக்கும் யாரும் சேகரிப்பாளர்தான். அதனால் சில நடைமுறைகள்.

1. சுருதியை அவரிடம் கேட்டு வையுங்கள். முதலில் வாத்தியம் இல்லாமல் பாடச் சொல்லி, அவர் இயல்பாக எங்கே நிற்கிறாரோ அதைச் சுருதிப் பெட்டியில் பிடித்துக்கொள்ளலாம். காலையில் எழுந்தவுடன் வேண்டாம், குரல் திறக்க நேரம் கொடுங்கள்.

2. ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை எடுத்து, வரி மாறினால் மாறியதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். "சரியான" ஒன்றை ஒட்டிச் சேர்க்கத் தேவையில்லை.

3. யாரிடம் கற்றார், எந்த ஊரில், எந்த வேலை செய்யும்போது பாடியது என்று அவர் வாயாலேயே பதிவில் சொல்ல வையுங்கள். பின்னால் மரபுப் பாட்டு என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

4. தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம். என்ன பதிவு, எங்கே வெளியாகும், முன்பணம் எவ்வளவு, வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு. படித்துக் காட்டி, வீட்டில் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்து.

5. பின்பாட்டுக்காரர்கள். "தன்னானே" பாடிய நாலு பெண்களும் சட்டப்படி நிகழ்த்துநர்கள்தான். அவர்கள் பெயரும் தாளில் வர வேண்டும், ஊர்ப் பெயரோடு; ஒரே ஊரில் மூன்று முனியம்மா இருப்பார்கள்.

நிகழ்த்துநர் உரிமையின் 50 ஆண்டுக் கணக்கு, பாடிய ஆண்டு முடிந்து அடுத்த ஜனவரி 1-ல் தொடங்குகிறது. 2025-ல் எழுபத்தைந்து வயதில் ஒருவர் பாடியிருந்தால் அந்த உரிமை 2075 முடிய நீளும். அந்தக் காசை வாங்கப் போவது பேத்தி. ஆகவே ஒப்பந்தத்தில் வாரிசின் பெயருக்கும் ஒரு வரி விட்டு வையுங்கள்.